சபர் முடித்து வந்தவர்

நம் கடற்கரை ஊர்களில், பொருள் தேடி வெளிநாடு செல்கின்றவரைச் 'சபராளி' என்று அழைப்பது நெடுநாளைய வழக்கம். பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்னும் அரபுச் சொல்லோடு நம் தமிழின் 'ஆளி'யும் சேர்ந்து பிறந்த அழகிய சொல் அது. போகின்றவருக்குப் பெயர் உண்டு. போகின்ற நாளில் வாசலில் துஆ ஓதி வழியனுப்பும் முறையும் உண்டு. அவர் விட்டுச்சென்ற இல்லத்திற்கும் 'சபராளி வீடு' என்று ஒரு மதிப்பு உண்டு. ஆனால் சபரை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊர் வந்து சேர்ந்தவரைச் சுட்டுவதற்கு ஒரு சொல்லேனும் நம்மிடம் இல்லை. வளைகுடாவிலிருந்து அப்படி வந்தவரைப் பற்றி, 'கேன்சலில் வந்திருக்கிறார்' என்று தெருவில் சொல்வார்கள். ரத்தானது அவருடைய விசாதான் என்பது சொல்பவருக்கும் கேட்பவருக்கும் தெரியும். ஆயினும் காதில் விழும்போது, ரத்தானது அந்த மனிதரே என்பது போல ஒலிக்கும்.

நாம் 'கேன்சலில்' வந்தது 2016ஆம் ஆண்டில். போனது 1985ஆம் ஆண்டில், இருபத்து நான்கு வயதில். பம்பாய் வரை இரயில், அங்கே ஏஜெண்டின் அறையில் பதினெட்டு நாட்கள் காத்திருப்பு, கடவுச்சீட்டில் எமிகிரேஷன் முத்திரை, பிறகு துபாய். தேராவில் துணி மொத்த வணிகம் செய்யும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில் கணக்கெழுதும் வேலை. முப்பத்தொரு ஆண்டுகளில் மேசை மாறிற்று, பேரேடு போய்க் கணினி வந்தது. கிடங்கு மட்டும் அதே கிடங்கு.

வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். கணக்கெழுதியே காலம் கழித்தவர்களாதலால், எதையும் கூட்டிப் பார்க்காமல் நமக்கு உறக்கம் வராது. இரண்டாண்டு வேலைக்கு இரண்டு மாத விடுமுறை என்பது நம் ஒப்பந்தம். அவ்வகையில் பதினான்கு முறை ஊர் வந்து போனோம். இரண்டாவது விடுமுறையில், 1989ஆம் ஆண்டில், நிக்காஹ் நடந்தது. அதையும் சேர்த்துப் பதின்மூன்று விடுமுறைகள். விடுமுறைக்கு இரண்டு மாதமாக இருபத்தாறு மாதங்கள். ஆக, இருபத்தேழு ஆண்டு மணவாழ்க்கையில் நாமும் நம் இல்லத்தாரும் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தது இரண்டாண்டும் இரண்டு மாதமுந்தான். ஊர் திரும்பிய முதல் வாரத்தில், உறக்கம் வராத ஓர் இரவில், இந்தக் கணக்கைக் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதிப் பார்த்தோம். இல்லத்தார் அதை மறுநாள் கண்டார்கள். ஒன்றும் சொல்லவில்லை. தாளை மடித்துக் குர்ஆன் ஓதும் ரேகால் பலகை இருந்த மாடத்தில் வைத்துவிட்டார்கள்.

நம் ஊர் கீழக்கரை. இராமநாதபுரத்திலிருந்து பதினேழு கிலோமீட்டர் தெற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்து அமர்ந்திருக்கும் ஊர். வள்ளல் சீதக்காதியின் ஊர் என்றால் தமிழறிந்தவர்கள் எல்லாரும் அறிவார்கள். சங்கும் முத்தும் கப்பலும் இவ்வூரின் பழைய செல்வம். கடல் கடப்பது எமக்குப் புதிதன்று. எண்ணெய் விலை உயர்ந்த 1973ஆம் ஆண்டுக்குப் பின்னரே அரபு நாடுகள் எம் இளைஞர்களை ஈர்த்தன. அதற்கு முன்னே இலங்கை இருந்தது, பர்மா இருந்தது, மலாயா இருந்தது.

நம் வாப்பா கொழும்புச் சபராளி. புறக்கோட்டையில் ஒரு கடையில் இருந்தார்கள். தனுஷ்கோடியில் கப்பலேறினால் தலைமன்னார், அங்கிருந்து இரயிலில் கொழும்பு. அந்நாளில் அது பக்கத்துத் தெருவுக்குப் போவதைப்போலத்தான். 1948இல் இலங்கை விடுதலை பெற்றபின் குடியுரிமைச் சட்டமும் குடிவரவுச் சட்டமும் வந்து, ஆண்டுக்காண்டு பிடி இறுகியது. கடைசியில் வாப்பா 1963இல் ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டு டிசம்பரில் அடித்த புயலில் தனுஷ்கோடியே கடலுக்குள் போயிற்று. "நாம வந்த பாதையையே அல்லாஹ் சுருட்டிட்டான்" என்று அவர்கள் சொல்வதுண்டு.

வாப்பாவைப் பற்றி நம் சிறுவயது நினைவெல்லாம் ஒரு காட்சியில் அடங்கிவிடும். திண்ணையில் சாய்வு நாற்காலி, பக்கத்தில் வானொலிப் பெட்டி, அதில் இலங்கை வானொலி. செய்தி, நாடகம், நேயர் விருப்பம் எதுவாயினும் கேட்பார்கள். கொழும்பில் மழை என்று செய்தியில் வந்தால், "கடைக்குள்ளே தண்ணி வந்திருக்கும்" என்பார்கள். கடையை விட்டு வந்து பத்தாண்டு கழிந்த பின்னும் அப்படித்தான். அவர்கள் மனம் எங்கே இருக்கிறது என்று உம்மா கேட்டதில்லை. நாங்களும் கேட்டதில்லை. சபர் முடித்து வந்தவர்களுக்குத் திண்ணை என்பது ஊர் வழக்கம், அவ்வளவே. இன்று நம் கைப்பேசியைத் திறந்தால், முதலில் தெரிவது துபாயின் வெப்பநிலை. பேரன் அதை மாற்றித் தருவதாகச் சொன்னான். இருக்கட்டும் என்றோம்.

ஊர் வந்தவரை நம் மக்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "எப்ப வந்தீக?" என்பது ஒன்று. அதற்கு விடை சொல்லி முடிக்குமுன்னே, "எப்ப பயணம்?" என்பது மற்றொன்று. அன்பினால் கேட்பவைதாம். பதினான்கு விடுமுறைகளிலும் இவ்விரு கேள்விகளுக்கும் நம்மிடம் தேதி இருந்தது. 2016இல் முதல் கேள்விக்கு மட்டுமே தேதி இருந்தது. "இனிப் பயணம் இல்லை, ஊரோடுதான்" என்றால், கேட்டவர் ஒரு நொடி தயங்குவார். பிறகு, "அதுவும் நல்லதுதான்" என்பார். அந்த 'அதுவும்' என்ற சொல்லில் எத்தனையோ ஐயங்கள். உடம்புக்கு ஏதேனுமா? கம்பெனியில் ஏதேனுமா? மூன்று மாதம் சென்றபின் அக்கேள்விகள் தாமாகவே நின்றுபோயின. பள்ளிவாசலில் தொழுது முடித்துத் திரும்பினால் நம்மை நலம் விசாரிக்கப் பத்துப்பேர் நின்ற காலம் போய், எல்லாரையும்போல நாமும் செருப்பைத் தேடிக்கொண்டு நின்றோம். உண்மையைச் சொன்னால், அந்நாளில்தான் ஊருக்குள் காலடி வைத்ததாக ஓர் உணர்வு வந்தது.

விடுமுறையில் வருகின்ற சபராளி ஒரு வகை விருந்தாளி. நைலான் கயிற்றால் வரிந்து கட்டி, பெயரைப் பெரிய எழுத்தில் எழுதிய பெட்டியோடு அவர் வருவார். பெட்டிக்குள் கம்பளி, கோடாலித் தைலம், பால்மாவு, டேங்க் பொடி, அத்தர், யார்ட்லி பவுடர், உறவில் ஒருவரையும் விடாமல் கணக்கிட்டு வாங்கிய சட்டைத்துணிகள். மீனம்பாக்கத்துச் சுங்க மேசையைத் தாண்டி அப்பெட்டி வீடு வந்து சேர்ந்து, திறக்கப்படும் இரவு பெருநாள் இரவுக்குச் சற்றும் குறைந்ததன்று. அந்த இரண்டு மாதமும் வீட்டில் கோழி, ஆட்டிறைச்சி, தொதல், வட்டலாப்பம். பிள்ளைகளுக்குக் கண்டிப்பு இல்லை. கடன்காரர் வாசலுக்கு வரமாட்டார். இல்லத்தாரின் கவலைகள் எல்லாம் இரண்டு மாதத்திற்கு ஒத்திவைக்கப்படும். நாம் வீடு என்று நினைத்துக்கொண்டு முப்பதாண்டு கனவு கண்டது அந்த இரண்டு மாத வீட்டைத்தான். மற்ற இருபத்து நான்கு மாத வீட்டை நாம் கண்டதே இல்லை.

அந்த வீட்டிற்குள்தான் இப்போது நுழைந்தோம். பால்காரர் யார், மின்கட்டணம் எந்த மாதம் வரும், குடிதண்ணீர் வண்டி எந்தக் கிழமையில் தெருவுக்குள் வரும், எந்தக் குடத்தை எவ்வரிசையில் வைக்க வேண்டும் என்பவையெல்லாம் நமக்கு அயல்நாட்டுச் செய்திகள். இல்லத்தார் காலையில் எழுந்தது முதல் ஒரு சொல்லும் இல்லாமல் நடத்திச்செல்லும் ஓர் அரசாங்கம் அது. வங்கிக்குப் போவது, பிள்ளைகளின் பள்ளி, கல்லூரிச் சேர்க்கை, கொத்தனாரோடு பேரம், உறவினர் சச்சரவு, மௌத்து வீடு, கல்யாண வீடு என்று எல்லாவற்றையும் முப்பதாண்டு தனியாக நடத்தியவர் அவர். சபராளியின் மனைவி பாவம், காத்திருக்கிறாள் என்று கண்ணீர் வரக் கதை எழுதுகின்றவர்கள் நம்மில் உண்டு. காத்திருந்தார்கள் என்பது மெய். ஆனால் கை கட்டிக்கொண்டு காத்திருக்கவில்லை. நாம் அனுப்பிய டிராஃப்ட் ஒரு தாள். அதை வீடாகவும் படிப்பாகவும் நகையாகவும் ஆக்கியவர் அவர். (டிராஃப்ட் என்று நாகரிகமாக எழுதுகிறோம். சில காலம் அது உண்டியல் வழியாகவும் வந்ததை ஊர் அறியும்.)

இங்கே எம் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மணமானபின் ஆண், மனைவியின் வீட்டில் வந்து தங்குவது எம்மிடையே மரபு. பெண்ணுக்கு வீடு கொடுத்துக் கட்டிக்கொடுப்பார்கள். ஆகவே பிறந்த வீடு சகோதரிக்குப் போகும். வாழும் வீடு மனைவியினுடையது. அதுவும் பின்னொரு நாள் மகளுக்குப் போகும். நம் சம்பாத்தியத்தில் இரண்டு தங்கைமாருக்கு வீடு எழும்பிற்று. மகளுக்கு மாடி எழும்பிற்று. ஆனால் 'நம் வீடு' என்று சாவியைக் கையில் எடுத்துக்காட்ட ஒரு வீடும் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெண்மக்களுக்குக் கூரை உறுதிப்படும் வழக்கம் அது; கணவன் கடலுக்கு அப்பால் இருக்கின்ற ஊரில் அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறில்லை. ஆயினும் இருபத்தேழு ஆண்டுகளாக அந்த வீட்டில் நாம் 'மாப்பிள்ளை'. மகளுக்கு 2012இல் நிக்காஹ் ஆனபின் புது மாப்பிள்ளை வந்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். நல்ல நாற்காலி யாருக்கு என்ற வழக்கு எழவில்லை. ஏனெனில் அவர் வந்தால் நாமே எழுந்து கொடுத்துவிடுவோம். ஆனால் பழைய மாப்பிள்ளைக்கு உரிய இடம் எது என்பதற்கு விதி எழுதிய நூலும் இல்லை.

பேரன் ஒருநாள் இல்லத்தாரிடம், "அப்பா எப்ப அவுஹ ஊருக்குப் போவாஹ?" என்று கேட்டான். அவனுக்கு மூன்று வயது. அவன் அறிந்தவரையில் நம் ஊர் துபாய். கீழக்கரைக்கு நாம் விருந்தாளி. அடுக்களையில் பெண்கள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். இரவில் அதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தோம்.

உடம்பு திரும்பிவர மனத்தைவிட நாள் எடுத்துக்கொண்டது. எட்டுப்பேர் அறையில் முப்பதாண்டு உறங்கியவருக்கு, தனி அறையின் அமைதி பெரும் இரைச்சல். தேராவில் நம் கட்டிலுக்கு மேலே ஒருவர், எதிரே இருவர். ஒருவர் இரவு வேலை முடிந்து வரும்போது மற்றவர் பஜ்ருக்கு எழுவார். சமையலுக்கு முறை உண்டு. செவ்வாய்க்கிழமை நம் முறை. ஊர் வந்தபின்னும் செவ்வாய் வந்தால் கை துருதுருக்கும். ஒருநாள் எழுந்துபோய் மீன் ஆணம் வைத்தோம். 'வாப்பாவுக்கு ஆணம் வைக்கத் தெரியும்' என்பதை நம் மகள் இருபத்தாறு வயதில் அறிந்துகொண்டாள். அதைவிட வியப்பு, அதை நம் மாமியார் ருசித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டதுதான்.

கிழமைகளும் குழம்பிப்போயின. அமீரகத்தில் வெள்ளிதான் விடுமுறை. பிற்பகல் வரை உறங்காமல், குளித்து, ஜும்ஆவுக்குப் போய், நாசர் சதுக்கத்தில் ஊர்க்காரர்களைச் சந்தித்து, ஒரு திர்ஹம் கொடுத்து அப்ராப் படகில் ஓடையைக் கடந்து பர்துபாய் சென்று திரும்புவது நம் வார இன்பம். (2022 முதல் அங்கே சனியும் ஞாயிறும் விடுமுறையாகி, வெள்ளி அரைநாளாகிவிட்டது. நல்ல வேளை, நாம் அதற்கு முன்பே வந்துவிட்டோம்.) இங்கோ வங்கியும் அலுவலகமும் வெள்ளியன்று திறந்திருக்க, ஞாயிறன்று தெரு உறங்குகிறது. பல மாதங்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில், வேலைக்கு நேரமாயிற்று என்ற பதற்றத்தோடு விழித்திருக்கிறோம்.

இன்னொன்று, இது சிறிது நுட்பமானது. ஷாபிஈ மத்ஹபில், ஓரூரில் நான்கு நாட்கள் தங்கும் எண்ணம் கொண்டவருக்குப் பயணிக்குரிய கஸ்ர் சலுகை கிடையாது. அவர் அவ்வூர்வாசியைப்போலவே முழுமையாகத் தொழ வேண்டும். அந்தச் சட்டப்படி நாம் தேராவில் முப்பத்தொரு ஆண்டும் பயணி அல்லர். தொழுகையில் அவ்வூர்க்காரர், இகாமா அட்டையில் அந்நியர், கடிதத்தில் கீழக்கரைவாசி. எது மெய் என்று யாரேனும் கேட்டிருந்தால் விழித்திருப்போம்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மை ஆகாது. சபராளிக்கு ஓய்வூதியம் என்று ஒன்று இல்லை. அமீரகத்துச் சட்டப்படி வேலை முடிவில் தருகின்ற பணிக்கொடைதான் உண்டு. முதல் ஐந்தாண்டுக்கு ஆண்டுக்கு இருபத்தொரு நாள், அதன்பின் ஆண்டுக்கு முப்பது நாள் அடிப்படை ஊதியம். முப்பத்தொரு ஆண்டுக்கு நாம் கணக்கிட்டபோது 885 நாட்கள் வந்தன. ஆனால் மொத்தம் இரண்டாண்டு ஊதியத்தைத் தாண்டக்கூடாது என்று அதே சட்டம் எல்லை கட்டியிருந்தது. ஆக, 730 நாட்களோடு நின்றது. மீதி 155 நாட்களைத் தேராக் கிடங்கில் விட்டுவந்தோம். அடிப்படை ஊதியம் என்பது கைக்கு வரும் ஊதியத்தில் ஒரு பகுதியே என்பதைச் சபர் போகின்ற இளைஞர்கள் முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது. ஒப்பந்தத்தில் படிகள் பெரிதாகவும் அடிப்படை சிறிதாகவும் இருந்தால், அது இறுதி நாளில்தான் வலிக்கும்.

நாம் போன ஆண்டில் ஒரு திர்ஹத்திற்கு மூன்றரை ரூபாய்கூட இல்லை. வந்த ஆண்டில் பதினெட்டு ரூபாயைத் தாண்டியிருந்தது. இதைக் கேட்டால் பெரும் இலாபம்போலத் தோன்றும். திர்ஹத்தில் சம்பாதித்துத் திர்ஹத்திலேயே நினைத்தவரை அப்படித்தான் இருந்தது. ஊர் வந்து ரூபாயில் செலவு செய்யத் தொடங்கியபோதுதான், மீன் விலையும் மருந்து விலையும் அந்தப் பதினெட்டோடு ஓட்டப்பந்தயம் ஓடி முந்திவிட்டிருந்ததைக் கண்டோம். மருந்து என்றதும் நினைவு வருகிறது. சர்க்கரை, இரத்தக்கொதிப்பு இரண்டும் நம்மோடு 'கேன்சலில்' வந்தவை. அவற்றுக்கு மட்டும் திரும்பும் பயணம் இல்லை. வெளிநாடு வாழ்வோர் கணக்கை உள்நாட்டார் கணக்காக மாற்றித்தர வேண்டும் என்று வங்கியில் சொன்னார்கள். அது விதி. படிவத்தில் 'நிரந்தரமாகத் திரும்பிய நாள்' என்று ஒரு கட்டம் இருந்தது. தேதியை எழுதிவிட்டுப் பேனாவை மூடச் சிறிது நேரம் ஆயிற்று.

நம் மைத்துனர் ஒருவர் குவைத்தில் இருந்தார். 1990ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஈராக் படை உள்ளே புகுந்தபோது, இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களோடு அவரும் பாலைவனம் கடந்து ஜோர்டான் போய், அம்மானிலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தார். உடுத்திய உடை, ஒரு கைப்பை. பெட்டி இல்லை, கோடாலித் தைலம் இல்லை. வந்த நான்காம் மாதம் பஜாரில் சிறியதொரு மளிகைக் கடை வைத்தார். இன்றும் அதில் அமர்ந்திருக்கிறார். அவரிடம் ஒருமுறை கேட்டோம், "மச்சான், ஊரில் பொருந்திப்போக உங்களுக்கு எத்தனை நாள் ஆச்சு?" என்று. "எனக்கு ஏது மச்சான் நாள்? மறுநாள் அரிசி வாங்கணுமே!" என்றார். வெறுங்கையோடு வந்தவர் விரைவில் வேரூன்றினார். கையில் இருப்போடு வந்தவர்களில் பலரை நாம் இன்றும் திண்ணையிலேயே காண்கிறோம். 2020இல் கொரோனாக் காலத்தில் சிறப்பு விமானங்களில் வந்திறங்கிய இளைஞர்களிலும், கடன் உள்ளவன்தான் முதலில் எழுந்து வேலை தேடினான்.

அண்டையிலுள்ள கேரளம் 1996ஆம் ஆண்டிலேயே வெளிநாடு வாழ்வோருக்கெனத் தனித்துறை கண்டு, பின்னர் திரும்பி வந்தோருக்கு நலநிதியும் ஓய்வூதியமும் ஏற்படுத்திவிட்டது. நம் தமிழகத்தில் 2011இல் சட்டம் இயற்றினார்கள். வாரியம் உருப்பெறப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அரசாங்கத்தை விடுங்கள். ஊர் ஊருக்கு ஜமாஅத் இருக்கிறது. பள்ளிவாசல் கட்டச் சபராளியின் முகவரியைத் தேடிக் கண்டுபிடித்து இரசீதுப் புத்தகம் அனுப்புகின்ற நாம், அவர் திரும்பிவந்தபின் அவரிடம் என்ன தொழில் தெரியும் என்று ஒரு பட்டியல் எழுதி வைத்ததுண்டா? கப்பல் தளத்தில் பற்றவைப்பு வேலையில் தேர்ந்தவர், நட்சத்திர ஓட்டலில் சமையல் செய்தவர், முப்பதாண்டு கணக்கெழுதியவர் என எத்தனை கைகள் திண்ணையில் ஓய்ந்து கிடக்கின்றன! நாம் இப்போது மாலையில், இரண்டு தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குப்பதிவியல் சொல்லித்தருகிறோம். கேட்டு வந்தது யாருமில்லை. நாமே போய்க் கேட்டுப் பெற்ற வேலை.

இதுவரை எழுதியதெல்லாம் சுற்றுப்புறம். நெஞ்சுக்கு நெருக்கமானது மகன்.

அவன் 1996இல் பிறந்தபோது நாம் தேராவில் இருந்தோம். தந்தியாகவோ தொலைபேசியாகவோ அன்றி, ஊரிலிருந்து வந்த ஒருவர் கொணர்ந்த கேசட் நாடாவில்தான் அவனுடைய அழுகையை முதலில் கேட்டோம். அறையிலிருந்த எட்டுப்பேரும் சுற்றி அமர்ந்து கேட்டார்கள். அவனுக்கு ஒன்றரை வயதில் முதலில் பார்த்தபோது, நம்மைக் கண்டு இல்லத்தாரின் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டான். அது எல்லாச் சபராளியின் பிள்ளையும் செய்வதுதான். ஒளிவது நின்றபின் வந்தது மரியாதை. நாம் வந்தால் எழுந்து நிற்பான். கேட்டால் பதில் சொல்வான். கைச்செலவு வேண்டுமென்றாலும், கல்லூரியில் எப்பாடம் எடுப்பது என்றாலும், தன் தாய்மாமாவிடந்தான் போவான். அதில் அவன் பிழை என்ன? தேர்வுத்தாளில் கையொப்பமிட்டவர் மாமா. காய்ச்சலில் தூக்கிக்கொண்டு இராமநாதபுரம் ஓடியவர் மாமா.

வாப்பா 1998இல் மௌத்தானபோது நாம் வர இயலவில்லை. அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். நாம் தேராவில் ஒரு பள்ளியில் காயிப் ஜனாஸாத் தொழுதோம். கீழக்கரையில் நம் இடத்தில் நின்று மையித்துக்கு மண் இட்டது, மாமாவின் தோளில் இருந்த அந்த இரண்டு வயதுப் பிள்ளையின் கை என்று பின்னர் இல்லத்தார் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் இன்னும் இருக்கிறது.

ஊர் வந்தபின் மகனோடு பேசுவதற்கு ஒரு பொருள் தேடி அலைந்தோம் என்றால் வாசகர்கள் நகைப்பார்களோ, என்னவோ. அறிவுரை சொல்லலாம், ஆனால் அது பேச்சு ஆகாது. கடைசியில் வழி திறந்தது மிதிவண்டிக் கடையில். நம் பழைய மிதிவண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோனபோது, அவனும் உடன் வந்தான். சங்கிலி கழன்று கைகள் இருவருக்கும் கறுப்பாயின. திரும்பும் வழியில், கடற்கரையில் கை கழுவும்போது, "வாப்பா, அங்கே நீங்க எட்டுப்பேர் ஒரே ரூமிலயா இருந்தீங்க?" என்று கேட்டான். நாம் சொல்லத் தொடங்கினோம். மஃரிபு பாங்கு கேட்கும் வரை சொன்னோம். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அதன்பின் வாரத்தில் ஒருநாள் அவ்வாறு நடந்தது. இப்போது அவன் நம்மோடு வாதாடுகிறான். சில வேளைகளில் குரலையும் உயர்த்துகிறான். இல்லத்தார் அவனைக் கண்டிக்கப் போனபோது, வேண்டாம் என்று தடுத்தோம். எழுந்து நின்ற காலத்தைவிட இது நமக்கு இனிக்கிறது.

2021இல் அவனுக்கு நிக்காஹ் ஆயிற்று. வழக்கப்படி பெண் வீட்டில் இருக்கிறான். தெரு தாண்டினால் அந்த வீடு. ஒரு பெண் குழந்தை. 2023இல் அவனுக்குத் துபாயில் வேலை வந்தது. கணக்கர் வேலைதான். ஆறாயிரம் திர்ஹம். நாம் முதன்முதலில் வாங்கியது தொள்ளாயிரம். தாளைக் கொண்டுவந்து நம் கையில் தந்தான். முதலில் மாமாவிடம் போகாமல் நம்மிடம் வந்தான் என்பதை இல்லத்தாரும் கவனித்தார்கள், நாமும் கவனித்தோம். இருவரும் ஒன்றும் சொல்லிக்கொள்ளவில்லை.

போ என்று சொல்வதா, போகாதே என்று சொல்வதா? போகாதே என்று சொல்ல இங்கே அவனுக்கு என்ன வேலை வைத்திருக்கிறோம்? போ என்று சொன்னால், இன்னொரு காலண்டர் தாளில் இன்னொரு கணக்கு. இரண்டு நாட்கள் அந்தத் தாள் ரேகால் பலகையின் மாடத்தில், பழைய தாளின் மேலேயே கிடந்தது. மூன்றாம் நாள் இரவு இஷாவுக்குப் பின் இல்லத்தார் பேசினார்கள். மகனும் மருமகளும் இருந்தார்கள்.

"வாப்பா, நீ போறதை நான் தடுக்கலே. ஆனா நான் இருந்த மாதிரி அந்தப் பிள்ளை இருக்க வேணாம். கூட்டிட்டுப் போறதுன்னா போ. இல்லேன்னா வேணாம்."

மருமகள் தலை குனிந்திருந்தாள். மகன் நம்மைப் பார்த்தான். நாம் காகிதமும் பேனாவும் எடுத்தோம். குடும்ப விசாவுக்கு நாலாயிரம் திர்ஹம் ஊதியம் போதும், அல்லது நிறுவனமே வீடு தந்தால் மூவாயிரம். நம் காலத்தில் தொழிலையும் பார்த்தார்கள். 2019க்குப் பின் அது நீங்கிவிட்டது. ஆறாயிரத்தில் துபாயில் வாடகை கொடுப்பது கடினம். ஷார்ஜாவில் ஒற்றை அறை வீடு எடுத்து, தினமும் காலையில் நெரிசலில் துபாய்க்குப் போய்வரலாம். பல்லாயிரம் பேர் அவ்வாறே செய்கிறார்கள். வாடகை, மின்சாரம், பேருந்து, குழந்தையின் பால் என்று எழுதிக் கூட்டினோம். ஊருக்கு அனுப்ப மிஞ்சுவது மிகச் சொற்பம். "எங்களுக்கு அனுப்ப வேணாம்" என்றார்கள் இல்லத்தார்.

பிறகு நம்மிடம் திரும்பி, "ஷார்ஜா வீட்டிலே அடுக்களைக்கு ஜன்னல் இருக்குமா?" என்று கேட்டார்கள்.

முப்பத்தொரு ஆண்டு அந்நாட்டில் இருந்தோம். குடும்பத்தோடு வாழ்ந்த நண்பர்கள் இருவர் வீட்டில் விருந்துண்டதுண்டு, கூடத்தோடு திரும்பிவிடுவோம். ஒரு வீட்டின் அடுக்களையை நாம் கண்டதில்லை. மணி அங்கே ஒன்பதுதான். நம் பழைய அறைத்தோழர் ஒருவர் இப்போது குடும்பத்தோடு ஷார்ஜாவில் இருக்கிறார். அவருக்குத் தொலைபேசி போட்டுக் கேட்டோம். ஜன்னல் உண்டாம். திறந்தால் அடுத்த கட்டடத்தின் சுவரும் ஏசி இயந்திரங்களுந்தான் தெரியுமாம். ஆனால் காலையில் ஒரு மணி நேரம் வெயில் வருமாம். அதை அப்படியே சொன்னோம்.

"வெயில் வந்தால் போதும்" என்றார்கள் இல்லத்தார்.